இத்தாலியரும் ஆறாம் திருவிழா உபயகாரரும்

முதலில் இத்தாலியரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவரில் எனக்கிருந்த மரியாதை போன கதையும் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் ஆறாம் திருவிழாக் கதையும் ஒன்றுதான். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லப் போனால் இரண்டும் விளங்காது.

கொழும்பில் மேற்கத்தேய இசை படித்தபோது, இறுதியாண்டுக் கட்டுரைக்கு நான் பிடித்துக்கொண்ட ஆள் அவர். பெயர் வேண்டாம், சொன்னாலும் தெரியப் போவதில்லை. என் விரிவுரையாளரே இணையத்தில் தேடிப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன், தென் இத்தாலியில் ஒரு தையற்காரரின் மகன். தேவாலயத்தில் பாடிப் பழகியவர். இளம் வயதிலேயே வண்டியேறி, மலை கடந்து, ஆறே உறைந்துபோகிற ஒரு வடநாட்டுத் தலைநகருக்குப் போய், அங்கே அரசவை இசையமைப்பாளர் ஆகிவிட்டார்.

விடுதிக் கட்டிலில் காதுக்குள் அவருடைய வயலின்களைச் சொருகிக்கொண்டு படுத்திருப்பேன். அவருடைய இசை பெரிய இசை என்று இப்போது சொல்ல மாட்டேன். அப்போது என்னை மயக்கியது இசையைவிட அந்தப் பயணம். கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சியிலிருந்தும் உள்ளே போக வேண்டிய ஒரு வாய்க்கால் கரையில் பிறந்தவளுக்கு, ஒரு தையற்காரரின் மகன் வெறும் மெட்டுகளை மட்டும் பெட்டியில் கட்டிக்கொண்டு அரசனிடம் போய்ச் சேர்ந்தான் என்பது எப்பேர்ப்பட்ட செய்தி! கட்டுரை முழுக்க ‘அரசரின் ஆதரவு’ என்ற சொல்லை அள்ளிக் கொட்டியிருந்தேன். அரசர் ஆதரித்தார், அரசி ஆதரித்தார், இளவரசர் காய்ச்சலிலிருந்து எழும்பியதற்கும் ஒரு பாடல் எழுதும்படி ஆதரித்தார்கள். நல்ல புள்ளி கிடைத்தது. புள்ளி போட்டவர்களும் ஆதரவை நம்பியிருந்தவர்களாக்கும்.

பட்டம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. எங்கள் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மேற்கத்தேய இசை ஆசிரியர் ஒருவர் தேவை என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, கிளிநொச்சி நகரத்தில் ஒரு ரியூசன் கொட்டிலில் சனி, ஞாயிறு கீபோர்ட் வகுப்பு எடுத்தேன். மற்ற நாட்களில் அம்மாவோடு வயலுக்குப் போய், வரம்பில் நின்று இத்தாலியரைப் பற்றிக் கதைத்தேன். அம்மா களை பிடுங்கியபடியே கேட்பா.

“அந்தாள் அங்க ஆரோட இருந்து சாப்பிட்டது?”

“அரண்மனை வேலைக்காரரோட, அம்மா. சமையல்காரர், குதிரை பாக்கிறவை, இவை எல்லாரோடயும்.”

“அப்ப மியூசிக் போட்டாலும் குசினிக்குள்ளதான்.”

“அது அந்தக் காலத்து வழக்கம், அம்மா.”

“எந்தக் காலத்து வழக்கம் எண்டு நான் கேட்டனானே?” என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த பாத்திக்குப் போய்விட்டா.

எனக்குக் கோபம் வந்தது. கலையைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பிறகு எனக்கும் ஒரு அரசவை கிடைத்தது.

எங்கள் அரசரை ஊரே சுவிஸ் அண்ணை என்றுதான் கூப்பிடும். முன்பு எங்கள் வாய்க்காலில்தான் இருந்தவர். சுவிஸுக்குப் போய் உழைத்து, இப்போது ஆண்டில் பாதியை இங்கே கழிக்கிறார். மாடி வீடு கட்டி, வாசல் படலையில் இரண்டு சிங்கம் வைத்து, மேல்மாடியில் ஒரு கலைக்கூடம் திறந்திருந்தார். ஒலிப்பதிவுப் பெட்டிகள், பெரிய பெரிய மைக்குகள், நடுவில் ஒரு அருமையான கீபோர்ட். அந்தக் கீபோர்ட் வரும்போது சுற்றியிருந்த பொலித்தீனை அவர் கழற்றவேயில்லை. கழற்றினால் உள்ளே தூசி போகுமாம். பொலித்தீனுக்கு மேலால்தான் வாசிப்பார், ஒற்றை விரலால். இடது கை எப்போதும் தாளப் பொத்தானில் இருக்கும்.

“நீர் படிச்ச பிள்ளை. இனி இந்தக் கலைக்கூடத்துக்கு மியூசிக் டிரெக்டர் நீர்தான்,” என்றார் முதல் நாளே. “நான் மெட்டுப் போடுவன். நீர் அதை நோட்ஸ் ஆக்கும். சரியோ?”

“ஓம் அண்ணை,” என்றேன்.

எவ்வளவு சந்தோசமாகச் சொன்னேன் என்று இப்போது நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க, பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு போன அந்த இத்தாலியர் நான்தான் என்று எண்ணிக்கொண்டேன். அந்த வெயிலில் அதற்கு நிறையக் கற்பனை வேண்டும்.

மெட்டுப் போடுவது எப்படியென்றால், சுவிஸ் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு முனகுவார். அது எங்கோ கேட்ட சினிமாப் பாட்டின் முதல் வரியாக இருக்கும். இரண்டாம் வரியில் வேறொரு சினிமாவுக்குத் தாவும். மூன்றாம் வரி வராது. “மிச்சம் உமக்கு விளங்கும்தானே,” என்பார். மிச்சத்தை நான் போடுவேன். பிறகு அதைக் கேட்டுவிட்டு, “பாத்தீரே, நான் நினைச்ச மாதிரியே வந்திருக்கு!” என்று தொடையில் தட்டுவார். இணையத்தில் ஏற்றும்போது ‘இசை’ என்று போட்டு அவருடைய பெயர், மாலை போட்ட படத்தோடு. என் பெயர் ‘உதவி’ என்ற இடத்தில், தேநீர் கொடுத்த அக்காவின் பெயருக்கு அடுத்ததாக வரும்.

எதற்கெல்லாம் இசையமைத்தேன்! அவருடைய மச்சானின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு. பிள்ளை மண்டபத்துக்குள் நடந்து வர ஒரு பாட்டு. அவருடைய ஐம்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு வாழ்த்து. அவருடைய கோழிப்பண்ணைத் திறப்பு விழாவுக்கும் ஒரு பாட்டு. அதில் ‘பொன்முட்டை’ என்று ஒரு அடி வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நான் அதற்கு ஒரு நல்ல இறங்குவரிசை போட்டேன். முட்டை உருண்டு வருவது மாதிரி. கோழிகளைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை.

அந்த மாதங்களில்தான் இத்தாலியரைத் திரும்ப எடுத்துப் படித்தேன். இந்தமுறை ஆதரவுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு. அவருடைய ஒப்பரா இசை நாடகங்கள் எல்லாவற்றிலும் கடைசியில் ஒரே விடயம்தான் நடக்கிறது. பழைய ரோமாபுரியில் ஒரு அரசன், அவனைக் கொல்லச் சதி, சதிகாரன் பிடிபடுகிறான், அரசன் மன்னித்துவிடுகிறான், எல்லோரும் சேர்ந்து அரசனின் கருணையைப் பாடுகிறார்கள், திரை விழுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உண்மையான அரசன் தன்னையே பார்த்துத் தானே உருகிப்போய், மறுநாள் காலையில் யாரையாவது சிறையில் போடுவான். பிறந்த நாளுக்குப் பிறந்த நாள் இந்த மன்னிப்பையே இத்தாலியர் புதிது புதிதாகச் சுரம் மாற்றிப் பாட வைத்துக்கொண்டிருந்தார். அந்த அரசன் புல்லாங்குழலும் ஊதுவானாம். அதனால் புல்லாங்குழலுக்கு எழுதும்போதெல்லாம் விரல் தடக்காத இலேசான சுரங்களாகப் பார்த்து எழுதியிருக்கிறார். விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தப் பகுதிகளை ‘எளிமையின் அழகு’ என்று நான் எழுதினேன். எளிமையாம்! அது பொலித்தீன் கீபோர்ட்.

கோழிப்பண்ணைப் பாட்டோடு நானும் காலத்தை ஓட்டியிருப்பேன். இத்தாலியில் ஓர் இசைக் கல்லூரி வெளிநாட்டு மாணவர்களைப் புலமைப்பரிசில் கொடுத்து எடுக்கிறது என்று கூடப் படித்த ஒருத்தி அனுப்பிய இணைப்புத்தான் என்னைக் குழப்பிவிட்டது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. சொந்தமாக இசையமைத்த ஒரு படைப்பு, பொதுமக்கள் முன் பாடப்பட்டதோ வாசிக்கப்பட்டதோ, அதன் காணொளி. அது என்னுடையதுதான் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

என்னிடம் இருந்தவை எல்லாம் சுவிஸ் அண்ணையின் பெயரில் இருந்தன. முட்டை உருண்ட இறங்குவரிசைகூட அவருடையது.

விண்ணப்பம் முடிகிற திகதிக்கு முன் ஊரில் பொதுமக்கள் கூடுகிற ஒரே இடம் பிள்ளையார் கோயில் திருவிழா. அதில் ஆறாம் திருவிழா சுவிஸ் அண்ணை குடும்பத்தின் உபயம். நல்ல காலமோ கெட்ட காலமோ, அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

“இந்த முறை எங்கட திருவிழாவில ஒரு புதுப் பாட்டு. பிள்ளையளைக் கொண்டு பாட வைப்பம். நேரலையும் போகுது. சுவிஸ், கனடா, லண்டன் எல்லாம் பாக்கும். நான் மெட்டு யோசிச்சிட்டன்.”

முனகினார். முதல் வரி, வழக்கம்போல, யாருடையதோ. ஆனால் அந்த வரியின் நடுவில் நாலு சுரம் இருந்தது. அதை எடுத்து, கீழே இன்னொரு குரலை எதிர்ப்பக்கமாக நடக்கவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குள் ஒன்று துள்ளியது. மேல் குரல் ஏறும்போது கீழ்க் குரல் இறங்க வேண்டும். பிள்ளையார் என்ற சொல்லில் இரண்டும் வந்து சந்திக்க வேண்டும். எங்கள் ஊரில் இப்படி யாரும் செய்ததில்லை. எல்லோரும் ஒரே மெட்டை ஒரே வாயாகப் பாடுவதுதான் இங்கே பசனை. உரத்துப் பாடினால் பக்தி கூட என்று கணக்கு.

“அண்ணை, ஒண்டு கேக்கலாமே?”

“கேளும் பிள்ளை.”

“இந்தப் பாட்டுக்கு மட்டும் இசை எண்டு என்ர பேரைப் போடுவியளோ? ஒரு படிப்புக்கு அனுப்ப வேணும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பச்சைத் திகைப்புத்தான் இருந்தது.

“மெட்டு நான் தந்தது எல்லே?”

“முதல் வரி நீங்கள் தந்தது, அண்ணை.”

“அதுதானே! முதல் வரி இல்லாமல் பாட்டு எங்கால வரும்? இஞ்ச பாரும், இது உபயம். உபயத்தில உபயகாரற்ற பேர்தான் வரும். பூ கட்டினவன் பேர் வருதே? நாதஸ்வரக்காரற்ற பேர் வருதே? மேளம் எங்கட உபயம் எண்டுதான் சொல்லுறது.”

அவர் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் கோயிலில் மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் கொடுத்தவரின் பெயர் எழுதியிருக்கிறது. விசிறி சுற்றும்போது வாசிக்க முடியாது. மின்சாரம் நின்று எல்லோரும் வியர்த்து வழிகிற நேரத்தில்தான் யார் காற்று விட்டார் என்று தெரியும். கிணற்று வாளியில் பெயர். செருப்பு வைக்கிற தட்டில் பெயர். செய்தவனுக்கு எங்கேயும் இடமில்லை. செய்வித்தவனுக்குத்தான் சாமியோடு கதை. இத்தாலியரின் ஒப்பராப் புத்தகங்களின் முதல் பக்கத்திலும் அதே ஒழுங்குதான். அரசன் பெயர் யானை அளவு, அரசியின் பெயர் குதிரை அளவு, எல்லாம் முடிந்து ஓரத்தில் எறும்பு மாதிரி இசையமைப்பாளர்.

ஆனாலும் பாட்டை எழுதினேன். பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை என்ற பெருந்தன்மையினால் அல்ல. அந்த இரண்டாம் குரல் என்னை விடவில்லை, அவ்வளவுதான். பெயருக்கு ஏதாவது வழி பிறகு பார்க்கலாம் என்று இருந்தேன்.

பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கம் கோயில் மடத்தில் நடந்தது. றோட்டுப் பக்கப் பிள்ளைகளுக்கு மேல் குரல், வாய்க்கால் பக்கப் பிள்ளைகளுக்குக் கீழ்க் குரல். தனித்தனியே அழகாகப் பாடினார்கள். சேர்த்துவிட்டதும் சண்டை.

“டீச்சர், இவையள் எங்களைக் குழப்பினம்!”

“நாங்களோ? நீங்கள்தான் உச்சத்தில நிண்டு கத்துறியள், மயில் மாதிரி!”

“உங்கட பாட்டு ஒரு பாட்டே? தவளை கத்துற மாதிரிக் கிடக்கு!”

காதைப் பொத்திக்கொண்டு பாடினார்கள். ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டு பாடினார்கள். ஒருநாள் பின்னேரம், எப்படியென்று தெரியாது, இரண்டு பக்கமும் ‘பிள்ளையார்’ என்ற சொல்லில் வந்து மோதாமல் சந்தித்தன. மடம் முழுக்க ஒரு கணம் அதிர்ந்தது. பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளே பாட்டை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“டீச்சர்,” என்றாள் தவளைக் கட்சிக்காரி ஒருத்தி, “இப்ப என்ன நடந்தது?”

“இன்னொருக்காப் பாடு, சொல்லுறன்,” என்றேன்.

இந்தக் கதையில் நான் யாரையும் நக்கலடிக்காமல் எழுதக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதனால் அதை இங்கேயே விட்டுவிட்டுத் திருவிழாவுக்குப் போகிறேன்.

ஆறாம் திருவிழா. பூசை முடிந்து, சாமி உள்வீதி சுற்றி வந்து, வசந்த மண்டபத்தின் முன்னால் சனம் நிறைந்திருந்தது. வெளியே ஐஸ்கிறீம் வான் தன் ஒற்றை மெட்டை ஓயாமல் வாசித்துக்கொண்டிருந்தது. இத்தாலியரின் காலத்து ஒப்பராவில் இரண்டாந்தரப் பாடகருக்கென்று ஒரு பாட்டு வைப்பார்களாம். அந்த நேரம் பார்த்துச் சனம் எழும்பிப்போய் ஐஸ் வாங்கிச் சாப்பிடுமாம். அந்தப் பாட்டுகளை எழுதிய கைகளுக்காக நான் முன்பு இரக்கப்பட்டதுண்டு. அன்று இரக்கப்பட நேரமிருக்கவில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் ஐஸ்கிறீம் வானைப் பார்த்தபடி நின்றார்கள்.

சுவிஸ் அண்ணை பட்டு வேட்டி, பட்டுச் சால்வையோடு மைக்கைப் பிடித்தார். நேரலைக் கமராப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“அடியார்களே, அடுத்ததாக எமது கலைக்கூடம் வழங்கும் புதிய பக்திப் பாமாலை. இசை உபயம்…” என்று தொடங்கித் தன் பெயரையும், தகப்பனார் பெயரையும், தற்போது வசிக்கும் நகரத்தையும் சொல்லி முடித்தார்.

நான் மண்டபத் தூணோடு நின்று கையை உயர்த்தினேன். பிள்ளைகள் பாடினார்கள்.

முதல் அடி முழுக்க அருமையாக வந்தது. மேல் குரல் ஏற, கீழ்க் குரல் இறங்க, இரண்டும் சொல்லில் வந்து சந்தித்தன. ஐஸ்கிறீம் வான்கூட அந்தக் கணத்தில் மெட்டை நிறுத்தி மூச்சு விட்டது. நான் சனத்தின் முகத்தைப் பார்த்தேன்.

சனம் பதறிக்கொண்டிருந்தது.

“ஐயோ, பிள்ளையள் பிழைச்சுப் போட்டுதுகள்,” என்றா முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, நெஞ்சில் கை வைத்து. “ஒரு பக்கம் ஒண்டு பாடுது, மற்றப் பக்கம் வேற பாடுது.”

“பழக்காமல் ஏத்திப் போட்டினம்.”

“பாவம், வெருண்டு போச்சுதுகள் போல.”

இரக்கம்! கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோயில் பரிபாலன சபை ஐயா ஒருவர் சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சவுண்ட்ஸ்காரரிடம் ஓடினார். காதில் ஏதோ சொன்னார். சவுண்ட்ஸ்காரர் நல்ல மனுசன். பிள்ளைகளின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார். பிழையாகப் பாடுகிறவர்கள் எந்தப் பக்கம் என்று ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டார். வாய்க்கால் பக்கம் என்று தீர்மானித்தார். அவர்களுடைய மைக்கின் குமிழை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

இரண்டாம் அடியில் என்னுடைய இரண்டாம் குரல் இல்லை. வாய்க்கால் பக்கப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பாடிக்கொண்டேயிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு சத்தமும் இல்லை. மிஞ்சியது மேல் குரல் மட்டும். ஒரே மெட்டு, ஒரே வாய். சனம் பெருமூச்சு விட்டது. “இப்ப சரி,” என்றார்கள். சிலர் தாளம்கூடப் போட்டார்கள்.

பாட்டு முடிவதற்குள் சுவிஸ் அண்ணையின் மடிக்குள் தொலைபேசி அதிர்ந்தது. நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய தமையன். தமையனின் குரல் சுவிஸிலிருந்து தொலைபேசி இல்லாமலே வந்திருக்கும், அவ்வளவு உரம். தூணடியில் நின்ற எனக்கே கேட்டது.

“என்னடா உது பாட்டு? ரெண்டு பக்கமும் இழுபடுது! இஞ்ச எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கினம். நீயோ மியூசிக் போட்டனி?”

சுவிஸ் அண்ணையின் முகம் பட்டு வேட்டியின் நிறத்துக்கு வந்தது. பிள்ளைகள் கடைசிச் சொல்லைப் பாடி முடித்த அதே கணம் அவர் மைக்கைப் பறித்தார். கமராவை நேராகப் பார்த்தார்.

“அடியார்களே, இந்தப் பாட்டுச் சம்பந்தமா ஒரு விளக்கம். இதுக்கு இசை போட்டது நான் இல்லை. முழுக்க முழுக்க இந்தப் பிள்ளைதான்.” தூணடியில் நின்ற என்னை நோக்கிக் கை நீண்டது; கமராவும் கூடவே திரும்பியது. என் முழுப் பெயரைச் சொன்னார். அப்பாவின் பெயரைச் சொன்னார். எந்த வாய்க்கால், எத்தனையாம் வளவு என்பதையும் சொன்னார். “மேல் குரல், கீழ்க் குரல் எல்லாம் இவவின்ர யோசினை. ஒரு சுரம்கூட என்ர இல்லை. எனக்கு இதில எந்தப் பங்கும் இல்லை எண்டதை இந்தப் பிள்ளையார் முன்னால சொல்லுறன்.”

சத்தியமே செய்துவிட்டார். முதல் வரியைக்கூடத் திருப்பித் தந்துவிட்டார்.

அம்மா சனத்துக்குள் இருந்து எழும்பி வந்து என் கையைப் பிடித்தா. அழப் போகிறேன் என்று நினைத்திருப்பா. நான் சிரிப்பை அடக்க முடியாமல் தூணில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

“என்னடி, பேயே பிடிச்சது?”

“இல்லையம்மா. அவர் சொன்னது எல்லாம் நேரலையில போயிட்டுது.”

இத்தாலியரின் கடைசி ஒப்பரா தோற்றுப்போனபோது அந்த அரசவையும் இப்படித்தான் செய்தது. வெற்றி பெற்றவை எல்லாம் அரசரின் ரசனை. தோற்றது மட்டும் இத்தாலியரின் இசை. அவரை வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டுரையில் அதை ‘துயர முடிவு’ என்று எழுதினேன். மடத்தனம். மனுசனுக்கு முதன்முறையாகப் பெயர் கிடைத்த நாள் அது. அதை வைத்து ஏதாவது செய்யத்தான் அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. நேரலையில் பதிவானதை எடுத்து, முதல் அடியை அப்படியே வைத்தேன். இரண்டாம் அடியையும் வெட்டவில்லை. குரல் அணைக்கப்பட்ட இடத்தில் ஒரு வரி விளக்கம் போட்டேன். சுவிஸ் அண்ணையின் பேச்சை முழுதாக வைத்து, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்துக் கீழே ஓடவிட்டு அனுப்பினேன்.

கல்லூரியிலிருந்து பதில் வந்தது. இரண்டு குரல்களும் சந்திக்கும் இடத்தைப் பற்றி நல்லதாக இரண்டு வரி. காணொளியில் நேர்முகம் வைத்தார்கள். அதில் நரைத்த தலைப் பேராசிரியை ஒருவர் நெகிழ்ந்துபோய்க் கேட்டார்: தனக்கு ஒரு பங்கும் இல்லை, எல்லாப் பெருமையும் இந்த இளம் பெண்ணுக்கே என்று கடவுள் முன்னால் சொன்ன அந்தப் பெருந்தன்மையான மனிதர் யார்? இப்படி ஒருவரைத் தன் நாட்டில் தான் கண்டதில்லையாம்.

“என் புரவலர்,” என்றேன். வேறென்ன சொல்வது? இத்தாலியரைப் பிடித்து ஆட்டிய அந்தச் சொல்லை அவருடைய நாட்டுக்காரருக்கே திருப்பிக் கொடுத்தேன்.

இடம் கிடைத்துவிட்டது. செய்தி ஊருக்குள் போன வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாளில் சந்திப் பக்கம் ஒரு பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். அதில் சுவிஸ் அண்ணை இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். எமது கலைக்கூடத்தின் மாணவி இத்தாலி செல்கிறார் என்று எழுதியிருந்தது. நான் மூலையில் ஒரு வட்டத்துக்குள், தேசிய அடையாள அட்டைப் படத்தோடு இருந்தேன்.

அன்று பின்னேரம் கலைக்கூடத்துக்குக் கூப்பிட்டார். பிரிவுபசார விழா வைக்கப் போகிறாராம். எனக்குப் பொன்னாடை, அம்மாவுக்கும் பொன்னாடை.

“விழாவுக்கு ஒரு வரவேற்புப் பாட்டு வேணும் பிள்ளை. ஊர்ப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பி வச்ச பெருமையைப் பற்றி. இந்த முறை ஒரு குரலில போடும். சனத்துக்கு அதுதான் பிடிக்குது.”

“நான் போடேல்லை, அண்ணை.”

“என்ன?”

“நீங்களே போடுங்கோ. உங்களிட்டத்தானே மெட்டு இருக்கு.”

இது மரியாதையாகச் சொன்னதுதான் என்று தனக்குள் முடிவெடுத்திருக்க வேண்டும். முகம் மலர்ந்து கீபோர்ட்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். தாளப் பொத்தானை அமத்தினார். நான் படியிறங்கி வர, மேலே ஒற்றை விரல் பொலித்தீனுக்கு மேலால் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தது. படலையில் ஸ்கூட்டரைத் திருப்பும்போதும் அது இரண்டாம் வரிக்குப் போயிருக்கவில்லை.